திரும்பிப் படித்த கண்கள்

வாசிப்பு வட்டம் கூடிக் கால் மணி நேரம் ஆகியும் ஜெசிந்தா வாய் திறக்கவில்லை. வசுமதி அவளையே கவனித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் முதல் பக்கத்திலேயே சண்டையைத் தொடங்கிவிடுகிற பெண் ஜெசிந்தா. இன்று மடியில் மின்புத்தக ரீடரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதன் முதுகை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

கோவை சாயிபாபா காலனியில் ஜெசிந்தாவின் வீட்டு முன்னறையில்தான் அவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்துவிட்டார், மகன் எட்வின் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். வசுமதி பல் மருத்துவர். அறுபதைத் தாண்டிய பிறகும் இரண்டு தெரு தள்ளித் தன் கிளினிக்கை நடத்திக்கொண்டிருந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கமும், மருந்துக்கடை ஜுனைத் பாயும் மற்ற இருவர். ஒரு மாதம் இலக்கிய நாவல் படித்தால் மறுமாதம் துப்பறியும் கதையோ பேய்க் கதையோ படிப்பார்கள். எதைப் படித்தாலும் வரி வரியாகத்தான். வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: என்ன சொன்னாலும் அதற்கான வரியைக் காட்ட வேண்டும்.

அந்த மாதம் ஒரு பழைய துப்பறியும் நாவல். மலையடிவார பங்களாவில் ஒரு ஜமீன்தார் கொலை செய்யப்படுகிறார். அவருடைய குமாஸ்தா போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் இன்ஸ்பெக்டரிடம் சொல்வதுதான் கதை. கடைசியில் கார் டிரைவர் கைதாகிறான்.

"டிரைவர்தானுங்க கொலைகாரன். பாதியிலயே நான் முடிவு பண்ணிட்டேன்," என்றார் பொன்னுரங்கம். "ஸ்டேஷன்லயே காலத்தை ஓட்டினவனுக்கு இது தெரியாதுங்களா?"

"வரியைக் காட்டுங்க சார்," என்றார் ஜுனைத்.

"மிஸ்ஸக் கேளுங்க. என்னுங்க மிஸ், உடம்புக்கு முடியலீங்களா?"

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "எனக்கு மார்க் இறங்கிடுச்சு," என்றாள். "நோட்டீஸ் வந்திருக்கு."

மார்க் என்றால் என்னவென்று அறுபது தாண்டிய யாருக்கும் விளக்க வேண்டிய காலம் இல்லை அது. நினைவு தப்பிய முதியவர்களிடம் கையெழுத்து வாங்கிச் சொத்தைப் பறிக்கிறவர்கள் பெருகிப்போனபோது வந்த சட்டம். மூளை தேயத் தொடங்குவது டாக்டருக்குத் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே, ஒருவர் படிக்கும்போது கண் வரிகளின் மேல் நகரும் விதத்தில் தெரிந்துவிடுகிறதாம். அறுபது முடிந்த எல்லோருக்கும் ஒரு ரீடரை இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கேமரா. என்ன புத்தகம் வேண்டுமானாலும் படிக்கலாம்; படிக்கப் படிக்க மார்க் போடும். வங்கிக்கும், பத்திரப்பதிவுக்கும், டிரைவிங் லைசென்சுக்கும், வசுமதியைப் போல் தொழில் செய்கிறவர்களின் உரிமத்துக்கும் அந்த மார்க் வேண்டும். படிக்கவே மாட்டேன் என்றால் மார்க் பூஜ்யம். ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் கையெழுத்து செல்லாது. நெருங்கிய ரத்த உறவு பொறுப்பாளராகிவிடும். அதற்குப் பிறகு அவர் வைத்ததுதான் சட்டம்.

ரீடர் வந்த புதிதில், ஓசியில் இத்தனை நாவலா என்று நால்வரும் சந்தோஷப்பட்டிருந்தார்கள்.

"கோட்டுக்குக் கீழ போயிருச்சா?" என்று வசுமதி கேட்டாள்.

"இன்னும் இல்ல. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா போயிரும். ஒரே வரிக்குத் திரும்பத் திரும்பப் போறேனாம். 'தேக்கம்'னு எழுதியிருக்காங்க."

"எந்த வரி?"

ஜெசிந்தா ரீடரைத் திருப்பினாள். அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வகுப்பில் கடினமான கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"கேளுங்க. குமாஸ்தாவும் டிரைவரும் பங்களாவுக்குப் போறாங்க. அதை அவன் இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்றான். 'நாங்கள் காரை விட்டு இறங்கினோம். நாங்கள் வாசலில் நின்று குரல் கொடுத்தோம்.' சரியா? அடுத்த வரி: 'நாம் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.'"

"அதுல என்னங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"நாங்கள்னா சொல்றவனும் டிரைவரும். நாம்னா? கேக்கறவரையும் சேர்த்துக்கிட்டாத்தானே நாம்? கேக்கறவர் யாரு?"

ஜுனைத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லா. இன்ஸ்பெக்டர்."

"இன்ஸ்பெக்டர் அன்னைக்கு அந்தக் கூடத்துல இருந்திருக்கார். குமாஸ்தாவுக்கு அது தெரியும். தெரியும்ங்கிறதை ஒரே ஒரு வார்த்தையில அவருக்கு மட்டும் புரியற மாதிரி சொல்றான். அது வாக்குமூலம் இல்ல, மிரட்டல். அதனாலதான் அவனை விட்டுட்டு டிரைவரைப் பிடிக்கிறாங்க."

"அச்சுப் பிழையா இருக்கப் போகுதுங்க மிஸ்," என்று பொன்னுரங்கம் சொன்னாரே தவிர, அவர் கை அதற்குள் பக்கங்களைத் தள்ளத் தொடங்கியிருந்தது. நால்வரும் குனிந்து தேடினார்கள். நாவல் முழுக்க நாங்கள், நாங்கள், நாங்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் நாம். அதுவும், அந்த வரியைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் அணைந்துபோன சுருட்டை மறுபடி பற்ற வைக்கிறார். எல்லோரும் தாண்டிப் போயிருந்த இடம்.

"எங்க டிபார்ட்மெண்ட்டையே மாட்டி விட்டுட்டானே பாவி!" என்று பொன்னுரங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். வசுமதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்காகத்தானே இத்தனை வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

ஜுனைத்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "மிஸ். இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் உங்களுக்கு மார்க் போச்சு." பிறகு தன் கையிலிருந்த ரீடரைப் பார்த்தார். "இப்ப நாம எல்லாருமே பின்னாடி பின்னாடி போய்ப் பாத்தோம்."

நான்கு ரீடர்களின் மேல் விளிம்பிலும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

*

மார்க் போடும் அலுவலகத்துக்கு வசுமதியும் ஜெசிந்தாவும் சேர்ந்து போனார்கள். வசுமதியின் மகள் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. எழுந்து நின்று வணக்கம் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். நாம், நாங்கள் விஷயம் புரிந்ததும் அவள் முகம்கூட மலர்ந்தது.

"அருமையா இருக்கு மேடம். நானும் படிக்கணும் போல இருக்கு. ஆனா மிஷினுக்குக் கதை தெரியாது. கண்ணு மட்டும்தான் தெரியும்."

"யோசிக்கிறவங்க திரும்பிப் படிக்க மாட்டாங்களா?" என்றாள் வசுமதி.

"படிப்பாங்க. மறக்கறவங்களும் படிப்பாங்க. ரெண்டும் கண்ணுல ஒரே மாதிரிதான் இருக்கும். திரும்பிப் படிக்கிற பெரியவங்கள்ல யோசிக்கிறவங்க கொஞ்சம், மறக்கறவங்க நிறைய. மிஷின் நிறையப் பேர் இருக்கிற பக்கம்தான் சாயும்."

"அப்ப இவங்களை மாதிரி ஆளுங்க?"

அவள் ஜெசிந்தாவைப் பார்த்துக் கனிவாகச் சொன்னாள்: "இந்த மாசம் கொஞ்சம் சரளமா படிங்க மேடம். நிக்காமப் போயிட்டே இருங்க. போதும்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு ஜெசிந்தா சொன்னாள்: "நாப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். புரியலைன்னா திரும்பிப் படின்னு."

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் வட்டம் கூடியது, ஆனால் பேச்சு நடக்கவில்லை. எல்லோரும் நிற்காமல் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நின்றால்தானே கேள்வி வரும்! "நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றார் பொன்னுரங்கம். ஜுனைத் ஆமாம் என்றார். காபியைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள். ஜெசிந்தா மட்டும் முயன்று முயன்று தோற்றாள். ஒரு வாக்கியம் அவளைப் பிடித்துக்கொண்டால் கண் தானாகத் திரும்பிவிடும். உடனே கேமரா ஞாபகம் வரும். பயத்தில் இன்னொரு முறை திரும்பும். மார்க் கோட்டை நெருங்கிக்கொண்டே வந்தது.

"எட்வின் போன் பண்ணான்," என்றாள் ஒருநாள். "பொறுப்பாளரா வரப் போறவங்கன்னு அவனுக்கும் தகவல் போயிருக்கு. நல்ல முதியோர் ஹோமா பாத்து வச்சிருக்கானாம். வீட்டுக்கு ஆள்கூடப் பாத்துட்டானாம், வாங்கறதுக்கு."

வசுமதி மறுநாள் கிளினிக்கை மதியம் பூட்டிவிட்டு நேராக ஜெசிந்தாவிடம் போனாள். "ரீடரைத் திற," என்றாள். "திறக்கும்போது மட்டும்தான் அது யாருன்னு பாக்குது. அப்புறம் நான் படிக்கிறேன்."

ஜெசிந்தா ரீடரை எடுத்து மேசையில் வைத்தாள். "மாட்டிக்கிட்டா உன் மார்க்கையும் பிடுங்கிருவாங்க. கிளினிக்கை மூடணும்."

"திற."

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் மதியம் சாப்பாட்டு மேசையில் இருவரும் அருகருகே உட்காருவார்கள். ஜெசிந்தா தன் கண்ணைக் காட்டி ரீடரைத் திறந்து வசுமதியின் கையில் கொடுப்பாள். வசுமதி படிப்பாள், அல்லது படிப்பதுபோல் கண்ணை ஓட்டுவாள். தெரியாத ஊரில் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நடந்து போகிறவளைப் போல வரிகளைக் கடந்து போவாள். யாராவது இறக்கிறார்கள், யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள், நிற்கக் கூடாது. பேப்பர்காரன் கேட்டைத் தள்ளினாலும் ரீடரைக் கவிழ்த்துவிடுவாள். கிளினிக்கில் ஒருவருடைய பல்லைப் பிடுங்கும்போது, இந்தக் கை இன்னும் எத்தனை நாள் இதைச் செய்யும் என்ற நினைப்பு வந்து குறடு நழுவியது.

ஜெசிந்தாவின் மார்க் ஏறியது. மாத முடிவில் வாழ்த்துச் செய்திகூட வந்தது. பொன்னுரங்கம் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

*

பால்தான் முதலில். ஒரு மதியம் ஜெசிந்தா காபி போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். குடித்து முடித்த டம்ளரைக் கழுவிவிட்டு, மறுபடி பாலை அடுப்பில் ஏற்றினாள். "காபி குடிக்கிறியா வசு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். வெயில்தான் காரணம் என்று வசுமதி நினைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் கதவைத் திறந்ததும் கேஸ் வாடை மூக்கில் குத்தியது. அடுப்பு திருகிய நிலையில் இருந்தது, நெருப்பு இல்லை. ஜெசிந்தா பக்கத்து அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வசுமதி திருகை மூடிவிட்டு ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தாள். யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று தனக்குத்தானே சொன்னாள். என் அடுப்பையே நான் எத்தனை முறை மறந்திருக்கிறேன்?

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வசுமதி ரீடரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தபோது ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கண்கள் பளபளத்தன.

"உக்காரு, உக்காரு. போன நாவல்ல ஒண்ணு கண்டுபிடிச்சேன். யாருகிட்டயும் இன்னும் சொல்லல."

"என்னது?"

"குமாஸ்தா எல்லா இடத்துலயும் நாங்கள்னு சொல்றான். ஒரே ஒரு இடத்துல நாம்னு சொல்றான். கவனிச்சியா? கேக்கறவர் யாரு? சொல்லு பாப்போம், கேக்கறவர் யாரு?"

அதே வார்த்தைகள். அதே இடத்தில் குரலை இறக்கினாள். அதே மாதிரி ஒரு விரலை உயர்த்திப் பதிலுக்காகக் காத்திருந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பது முட்டாள் இல்லை. இவ்வளவு நுட்பமான ஒன்றை இவ்வளவு தெளிவாக விளக்குகிறவள். ஆனால் அன்றைய ஞாயிறு, பொன்னுரங்கத்தின் சிரிப்பு, அணைத்த ரீடர்கள், அலுவலகம், ஆட்டோ, எதுவும் அவளுக்குள் இல்லை.

"இன்ஸ்பெக்டரா?" என்றாள் வசுமதி.

"அதேதான்!" என்று ஜெசிந்தா கைதட்டினாள். "ஞாயித்துக்கிழமை சொல்றேன் பாரு. ரெண்டு பேரும் அசந்துருவாங்க."

மிஷின் சொன்ன காரணம் தப்பு. சொன்ன விஷயம் சரி. அதைத் தான்தான் மறைத்து வைத்திருக்கிறோம் என்று உணர்ந்தபோது வசுமதிக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னால் ஜெசிந்தாவின் வீடும் போகும், தன் கிளினிக்கும் போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் அந்த அடுப்பை யாராவது பற்றவைப்பார்கள்.

முடிவெடுக்க முடியாமல் இன்னும் சில நாட்களைக் கடத்தினாள். அந்த வார இறுதியில் பொன்னுரங்கம் போன் செய்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் வரோணுங்க. மிஸ்ஸு அவங்க பழைய ஸ்கூல் கேட்டுக்கு முன்னால ஸ்கூட்டியோட நிக்கிறாங்க. லீவு விட்ட ஸ்கூலுங்க. முத பீரியடுக்கு லேட் ஆயிருச்சு, கேட்டைத் திறன்னு வாட்ச்மேனைப் போட்டுத் திட்டிட்டிருக்காங்க."

வசுமதி போய்ச் சேர்ந்தபோது ஜெசிந்தா மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை ஒழுங்காகப் பின் குத்தியிருந்தாள். வசுமதியைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில், என்ன நடந்ததென்று புரிந்தவளின் வெட்கம் இருந்தது. "வெயில்," என்றாள்.

வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் நின்றபோது வசுமதி பொன்னுரங்கத்திடம் சொன்னாள்: "சார், அவங்க மார்க் அவங்களோடது இல்ல."

பொன்னுரங்கம் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். "இத நீங்க சொல்லவும் இல்லீங்க, நான் கேக்கவும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

*

மறுநாள் காலை வசுமதி உண்மையைச் சொல்ல அலுவலகத்துக்குக் கிளம்பினாள். அதற்கு முன் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் போய்ச் செய்கிற காரியம் இல்லை இது. ஜெசிந்தா குளித்து, நெற்றியில் பவுடர் தீற்றலோடு, தெளிவாக இருந்தாள். தெளிவான நாட்களும் இருக்கத்தான் செய்தன. அதுதான் கொடுமை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் ஜெசி. உனக்கு..."

"தெரியும்," என்றாள் ஜெசிந்தா. "நீ எனக்காகப் படிக்க உக்காந்தியே, அன்னைக்கே தெரியும்."

வசுமதி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நோட்டீஸ் வந்தப்ப எனக்குக் கோபம் வந்துச்சு. அந்த வரியில நான் யோசிச்சுத்தான் நின்னேன், சத்தியமா. ஆனா மத்த வரிகள்ல மறந்துபோய் நின்னேன் வசு. முன்னாடி என்ன படிச்சேன்னு தெரியாம நின்னேன். ரெண்டும் உண்மை. எது எதுன்னு சில நேரம் எனக்கே தெரியல. மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் ஏன் என்னைப் படிக்க விட்ட? என் லைசென்ஸ் போயிருந்தா?"

"எனக்குக் கொஞ்ச நாள் வேணும்னு இருந்துச்சு." அவள் வசுமதியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "மார்க் கோட்டுக்குக் கீழ போயிட்டா ரத்த உறவு பொறுப்பாளர். ஆனா அதுக்கு முன்னாடி, கையெழுத்து செல்லுபடியாகற காலத்துலயே நாமளே யாரையாவது எழுதி வச்சுட்டா, எழுதினவங்கதான். அதுக்கு மார்க் கோட்டுக்கு நல்லா மேல இருக்கணும். நீ ஏத்திக் குடுத்த. போன வாரம், தலை நல்லா இருந்த ஒரு நாளா பாத்துப் பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ட்டு வந்துட்டேன்."

"யாரை எழுதின?"

"உன்னை."

வசுமதி கையை உருவிக்கொண்டாள். முதலில் வந்தது கோபம்தான். "என்னை ஒரு வார்த்தை கேக்கல நீ."

"கேட்டா மாட்டேன்னுருப்ப."

"எட்வின் உன் பிள்ளை, ஜெசி!"

"நல்ல பிள்ளை. அதுதான் பயம். நல்ல இடமா, சுத்தமான இடமா பாத்துச் சேப்பான். ஏசி இருக்கும், நர்ஸ் இருக்கும். நான் ஏதாவது சொன்னா, 'சரிங்க பாட்டி'ன்னு தலையாட்டுவாங்க. நான் சொல்றது தப்புன்னு சண்டை போட ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நான் இந்த வீட்டுலயே கடைசி வரைக்கும் இருக்கணும். நான் என்ன ஆனாலும் சரி. அதை நீ பாத்துக்கணும். வேற யாரு சொன்னாலும் கேக்காத." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நானே சொன்னாலும் கேக்காத."

வசுமதி அன்று அலுவலகத்துக்குப் போகவில்லை. ரீடரை அதற்குப் பிறகு ஜெசிந்தாவே படித்தாள், அல்லது படிக்காமல் விட்டாள். மார்க் சரிந்தது. யாரும் எதுவும் சந்தேகப்படவில்லை. வயதானவர்களுக்குச் சரிவது சகஜம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். மார்க் கோட்டுக்குக் கீழே இறங்கிய அன்று வசுமதியின் போனுக்குச் செய்தி வந்தது. இன்று முதல் ஜெசிந்தாவின் இருப்பிடம், பணம், மருத்துவம், பயணம் யாவற்றுக்கும் ஒப்புதல் தர வேண்டியவர் நீங்கள். பகலும் இரவும் உடனிருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்அடுப்பு வாங்கினாள். வட்டம் ஞாயிறுகளில் கூடியது. பழைய அச்சுப் புத்தகங்களை வைத்து ஜுனைத் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சில ஞாயிறுகளில் ஜெசிந்தா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி எதையாவது சொல்வாள்; மூவரும் வாயடைத்துப் போவார்கள். சில ஞாயிறுகளில் தூங்கிவிடுவாள். பயந்ததுபோல் இல்லை என்று வசுமதி நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

மழைக்காலம் முடியும்போது எட்வின் வந்தான்.

சண்டைக்கு வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆன்ட்டி, நீங்க அம்மாவுக்குச் செஞ்சதுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல," என்று கைகூப்பினான். நாலு நாள் தாயோடு இருந்தான். தலை வாரிவிட்டான், நகம் வெட்டிவிட்டான், மீன் முள் எடுத்து ஊட்டிவிட்டான். ஐந்தாம் நாள் வசுமதியை அழைத்தான்.

அவள் போனபோது முன்னறையில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. ஜெசிந்தா நல்ல புடவை கட்டிக்கொண்டு மகன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நிம்மதியான முகத்தை வசுமதி பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை.

"ஹோம் வேண்டாம் ஆன்ட்டி. அந்த நினைப்பையே விட்டுட்டேன்," என்றான் எட்வின். "எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். என் பொண்ணு ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கா. வீட்டை விக்க மாட்டேன், நீங்களே சாவி வச்சுக்கங்க. அம்மாவைக் கேட்டேன். அவங்களே வர்றேன்னு சொல்றாங்க. நீங்க போன்ல ஒப்புதல் மட்டும் குடுத்தா போதும்."

"ஜெசி," என்று வசுமதி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "உனக்குப் போகணுமா?"

"எட்வின்கூடப் போறேன்," என்றாள் ஜெசிந்தா. சட்டென்று சொன்னாள், தடுமாறவில்லை. "பிள்ளைகூட இருக்கணும்னு எவ்வளவு நாளா ஆசை எனக்கு."

வசுமதி அந்த முகத்தைப் பார்த்தாள். இது நோய் பேசுவதா? அல்லது அன்று பேசியதுதான் வெறும் பயமா? அன்று கையைப் பிடித்துக்கொண்டு நானே சொன்னாலும் கேட்காதே என்றவளும் ஜெசிந்தா. இதோ மகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் ஜெசிந்தா. எந்தப் பெண்ணுக்குத் தான் வாக்குக் கொடுத்திருக்கிறோம்? திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்தக் கண்களில் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வரியைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட அவளிடம் எதுவும் இல்லை.

போனில் ஒப்புதல் கேட்கும் பக்கம் திறந்திருந்தது. எட்வின் கண்களைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இல்லப்பா," என்றாள் வசுமதி. "அம்மா இங்கேயே இருக்கட்டும்."

அவள் குரல் கனிவாகத்தான் இருந்தது. அந்த அலுவலகத்துப் பெண்ணின் குரலும் அன்று அவ்வளவு கனிவாகத்தான் இருந்தது.

எட்வின் கெஞ்சினான், பிறகு கத்தினான், கோர்ட்டுக்குப் போவேன் என்றான். மாலையில் கார் வந்து அவனை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனது. கார் போன பிறகும் ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வசுமதி பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாததால் திரும்பிப் பார்த்தாள். ஜெசிந்தா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வசுமதி ஒரு அடி எடுத்து வைத்ததும் இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"நான் இங்கயே இருக்கேங்க," என்றாள் ஜெசிந்தா, ஒரு அந்நியரிடம் பேசுவதுபோல. "நீங்க சொல்றபடி கேக்கறேன். ஒண்ணும் பண்ணிராதீங்க."